பாலூட்டும் காலத்தில் இனிப்பு ஆசையைக் கட்டுக்குள் கொண்டுவருதல்: புதிய தாய்மார்களுக்கு ஒரு வழிகாட்டி

இரவு இரண்டரை மணி இருக்கும். குழந்தைக்குப் பால் கொடுத்துத் தொட்டிலில் கிடத்திவிட்டு, விளக்கைப் போடாமலே அடுக்களைக்குப் போய், கருப்பட்டி வைத்திருந்த எவர்சில்வர் தூக்கின் மூடியைச் சத்தமில்லாமல் திறந்து, நெல்லிக்காய் அளவுத் துண்டு ஒன்றை வாயில் போட்டுக்கொள்வேன். அது கரைவதற்குள் கை அடுத்த துண்டைத் தேடும். என் இரண்டாம் பிரசவத்துக்குப் பிந்தைய நான்காம் மாதத்தில் ஏறக்குறைய ஒவ்வோர் இரவும் இது நடந்தது. இன்றோடு இனிப்பைத் தொடுவதில்லை என்று பகலில் உறுதி எடுப்பதும், இரவில் அது கைவிட்டுப் போவதும், காலையில் எடைக்கருவியில் ஏறி நின்று மனம் நொந்துபோவதுமாக இரண்டு மாதங்கள் கழிந்தன.

அப்போது நான் போய்ப் பார்த்த உணவியல் ஆலோசகர், எவ்வளவு இனிப்புச் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்கவே இல்லை. காலையில் எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள், என்ன சாப்பிடுகிறீர்கள் என்று மட்டும் கேட்டார். பதினொரு மணி வாக்கில், ஆறிப்போன இரண்டு இட்லி என்றேன். “அப்படியானால் கருப்பட்டியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் இட்லியைச் சரிசெய்வோம்” என்றார். இந்தக் கட்டுரையில் நான் சொல்லப்போவது எல்லாம் அந்த வரிசையைப் பற்றியதுதான். பாலூட்டும் தாய்க்கு வரும் இனிப்பு ஆசையின் பெரும்பகுதி, வேளைக்குக் கிடைக்காத சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் உடல் கேட்கும் ஈடு. அந்தக் கடனை அடைக்காமல் இனிப்பை மட்டும் நிறுத்த முனைந்தால் சில நாள்களுக்கு மேல் தாக்குப்பிடிப்பது கடினம்.

தொடங்குவதற்கு முன்: எப்போது, யார் தொடங்கலாம்

பிரசவம் முடிந்து குறைந்தது 6 வாரங்கள் வரை எடைக் குறைப்பைப் பற்றி நினைக்கவே வேண்டாம். உடல் ஆறுவதற்கும், தாய்ப்பால் சீராகச் சுரக்கத் தொடங்குவதற்கும் அந்த நாள்கள் தேவை. அறுவைச் சிகிச்சை மூலம் பிரசவித்தவர்கள் மருத்துவர் சொல்லும் வரை காத்திருக்க வேண்டும். குழந்தை, நஞ்சுக்கொடி, பனிநீர் ஆகியவை வெளியேறுவதால் பிரசவத்தின்போதே ஏறத்தாழ 5 கிலோ குறைந்துவிடும் என்பதையும், மிச்சம் உள்ளது ஒன்பது மாதம் சேர்ந்தது என்பதால் இறங்குவதற்கும் அதே அளவு காலம் பிடிக்கலாம் என்பதையும் முதலிலேயே மனத்தில் இருத்திக்கொண்டால் பிற்பாடு ஏமாற்றம் குறையும்.

கர்ப்ப காலத்தில் சர்க்கரை நோய் இருந்தவர்கள் இந்த வழிகாட்டியைத் தொடர்வதற்கு முன்பு ஒரு வேலையைக் கட்டாயம் முடிக்க வேண்டும். பிரசவத்துக்குப் பிந்தைய 6 முதல் 12 வாரங்களுக்குள், வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்து, பிறகு 75 கிராம் குளுக்கோஸ் குடிக்கவைத்து இரண்டு மணி நேரம் கழித்து மீண்டும் எடுக்கும் பரிசோதனையைச் செய்துகொள்ள வேண்டும். பிள்ளை பிறந்ததும் சர்க்கரை இறங்கிவிட்டது என்று நம்பிப் பலர் இதை விட்டுவிடுகிறார்கள். பிற்காலத்தில் அவர்களுக்கு நிரந்தரச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம் என்பதால், இதைத் தள்ளிப்போடாதீர்கள் என்று நான் கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன்.

முதல் படி: ஆசை எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளுதல்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரைப்படி, முதல் 6 மாதங்களில் பாலூட்டும் தாய்க்கு வழக்கமான தேவைக்கு மேல் நாளொன்றுக்கு 600 கலோரியும், அடுத்த 6 மாதங்களில் 520 கலோரியும் தேவைப்படுகின்றன. கர்ப்ப காலத்தில் சேர்ந்த கொழுப்பிலிருந்து அதில் ஒரு பங்கை உடல் எடுத்துக்கொள்ளும் என்றாலும் மிச்சத்தைச் சாப்பாட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும். கைக்குழந்தைக்காரிக்கு உட்கார்ந்து சாப்பிட நேரம் எங்கே கிடைக்கிறது? பசி முற்றிய நேரத்தில், சமைக்கத் தேவையில்லாததும் ஒரே கையால் எடுத்துத் தின்னக்கூடியதும் உடனே தெம்பு தருவதுமான பொருளைத்தான் கை நாடும். பெரும்பாலான வீடுகளில் அது பிஸ்கட்டாகவோ ரஸ்காகவோ யாரோ பார்க்க வந்தபோது வாங்கிவந்த இனிப்பாகவோ இருக்கிறது.

தூக்கம் கெடுவது அடுத்த காரணம். பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் ஹார்மோன், தூக்கம் குறையும்போது கூடுகிறது. வயிறு நிறைந்த உணர்வைத் தரும் லெப்டின் குறைகிறது. அதனால் இரவில் நான்கு முறை எழுந்தவளுக்கு மறுநாள் பசி கூடுதலாகவும், அந்தப் பசி இனிப்பையும் எண்ணெய்ப் பலகாரத்தையும் நோக்கியதாகவும் இருப்பதில் வியப்பே இல்லை. தாகமும் உண்டு. குழந்தை பால் குடிக்கத் தொடங்கிய சில நிமிடங்களில் தொண்டை வறள்வதைப் பாலூட்டும் எல்லாப் பெண்களும் அறிவார்கள். அந்த வறட்சியைப் பல நேரங்களில் பசி என்றே எண்ணிவிடுகிறோம்.

இதையெல்லாம் தெரிந்துகொள்வதால் ஆசை நின்றுவிடாது. ஆனால் எனக்குக் கட்டுப்பாடே இல்லை என்று உங்களை நீங்களே திட்டிக்கொள்வது நிற்கும். திட்டிக்கொள்வது நின்றால்தான் அடுத்த படிகளுக்கு மனம் வரும்.

இரண்டாம் படி: மூன்று நாள் குறிப்பு

எதையும் மாற்றாமல், மூன்று நாள்களுக்கு, வாயில் போகும் ஒவ்வோர் இனிப்பையும் ஒரு தாளில் எழுதுங்கள். நேரம், என்ன, எவ்வளவு, அதற்கு முன் கடைசியாகச் சாப்பிட்டது எப்போது ஆகிய நான்கும் போதும். குழந்தைக்குத் தடுப்பூசி போட்ட அட்டைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டால் தாள் தொலையாது.

என் தாளில் முதல் நாள் இப்படி இருந்தது: இரண்டு கரண்டிச் சீனி போட்ட தேநீரும் காப்பியுமாக ஐந்து தம்ளர், இடையிடையே எட்டு பிஸ்கட், இரவில் கருப்பட்டி மூன்று துண்டு. ஒரு தேக்கரண்டி தலைதட்டிய சீனி சுமார் 4 கிராம். ஆகவே பானத்தில் மட்டும் 40 கிராம். குளுக்கோஸ் பிஸ்கட்டுகள் பலவற்றில் எடையில் நான்கில் ஒரு பங்கு சீனி என்பதால் அதில் பத்துப் பன்னிரண்டு கிராம். கருப்பட்டியில் ஒரு முப்பது. மொத்தம் 80 கிராமைத் தாண்டிவிட்டது. உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், உணவில் சேர்க்கும் சர்க்கரை அன்றாடக் கலோரியில் 10 விழுக்காட்டுக்குக் கீழே இருக்க வேண்டும் என்றும், 5 விழுக்காட்டுக்குக் கீழே, அதாவது ஏறத்தாழ 25 கிராம் அல்லது 6 தேக்கரண்டிக்குள், இருந்தால் மேலும் நல்லது என்றும் சொல்கிறது. வெல்லம், கருப்பட்டி, தேன், பழச்சாறு எல்லாம் இந்தக் கணக்குக்குள் வருகின்றன. முழுப் பழமும் பாலில் இயல்பாக உள்ள சர்க்கரையும் வருவதில்லை.

தொகையைவிட எனக்கு அதிகம் உதவியது நான்காவது பத்தி. எட்டு பிஸ்கட்டில் ஆறு, கடைசியாகச் சாப்பிட்டு நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆன பிறகு தின்றவை. உங்கள் தாளிலும் இப்படி ஒரு நேரம் பளிச்சென்று தெரியும். மாலை நான்கு மணியோ, குழந்தை தூங்கிய பின் ஒன்பதரை மணியோ, எதுவானாலும் அந்த நேரத்தை வட்டமிட்டுக்கொள்ளுங்கள். முதலில் சரிசெய்ய வேண்டிய இடம் அதுவே.

மூன்றாம் படி: இனிப்பைக் குறைக்கும் முன் சாப்பாட்டைக் கூட்டுதல்

எடை குறைய வேண்டும் என்கிறவளிடம் கூடுதலாகச் சாப்பிடு என்று சொல்வது விந்தையாகத் தோன்றலாம். ஆனால் இந்தப் படியைத் தாண்டிக் குதித்தவர்கள் எல்லாரும் திரும்ப இங்கேயே வந்து நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே குறைந்தது பத்து நாள்கள் இதில் மட்டும் கவனம் செலுத்துங்கள். அதுவரை இனிப்பில் கைவைக்க வேண்டாம்.

காலையில் எழுந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் வயிற்றுக்கு உணவு போக வேண்டும். அந்த உணவில் புரதம் இருக்க வேண்டும். நம் வீடுகளின் காலை உணவு பெரும்பாலும் மாவுப் பண்டம். மூன்று இட்லியில் ஆறு கிராம் அளவுக்குத்தான் புரதம் உண்டு. தேங்காய்ச் சட்னியோடு சாப்பிட்டால் இரண்டு மணி நேரத்தில் வயிறு வெறுமையாகி, பதினொரு மணிக்குப் பிஸ்கட் டப்பாவைத் திறக்கத் தோன்றும். அதே மூன்று இட்லிக்குப் பருப்பு தாராளமாகப் போட்ட சாம்பாரும் ஒரு வேகவைத்த முட்டையும் சேர்த்தால் புரதம் ஏறத்தாழ இரு மடங்காகும். முட்டை சாப்பிடாதவர்கள் முளைகட்டிய பாசிப்பயறு ஒரு கிண்ணம் எடுத்துக்கொள்ளலாம், அல்லது இட்லிக்குப் பதிலாகப் பெசரட்டு, அடை என்று மாற்றிக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் அடைக்கு அரிசியும் பருப்பும் சரிபாதியாக ஊறப்போடத் தொடங்கினோம். மாவு கெட்டியாக இருந்ததால் ஓரம் சற்று முறுகக் கூடுதல் நேரம் பிடித்தது. ஆனால் இரண்டு அடை தின்றால் ஒரு மணி வரை வேறு நினைப்பு வரவில்லை.

பாலூட்டாத பெண்ணுக்கு நாளொன்றுக்கு 46 கிராம் அளவுக்குப் புரதம் போதும் என்றால், முதல் 6 மாதம் பாலூட்டுபவளுக்கு அதற்கு மேல் இன்னும் சுமார் 17 கிராம் வேண்டும். கணக்குப் போட்டுச் சாப்பிட வேண்டியதில்லை. ஒவ்வொரு வேளையும் தட்டில் பருப்பு, பயறு, முட்டை, மீன், கோழி, தயிர், பன்னீர் ஆகியவற்றில் ஒன்று கண்ணுக்குத் தெரியும் அளவில் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். ரசத்தில் மிதக்கும் நான்கு பருப்பைப் புரதமாகக் கணக்கில் எடுக்கக் கூடாது.

மதியத்தில் சோற்றைக் குவித்து நடுவில் குழம்பை ஊற்றிக்கொள்வதைவிட, முதலில் காயையும் கீரையையும் தட்டில் பாதியளவு வைத்துவிட்டு மிச்ச இடத்தில் சோற்றைப் போடும் பழக்கம் நல்லது. சோறு தானாகவே குறையும்; பசி தங்கும். முருங்கைக்கீரை, அரைக்கீரை, அவரை, புடலை என்று கிடைப்பதைச் செய்யுங்கள். மாலை நான்கு மணிக்குச் சுண்டல். கொண்டைக்கடலை, தட்டைப்பயறு, பச்சைப்பயறு என்று மாற்றி மாற்றி முந்தின இரவே ஊறப்போட்டுவிட வேண்டும். இது ஒன்றைத்தான் நான் வீட்டில் உள்ளவர்களிடம் பிடிவாதமாகக் கேட்டு வாங்கிக்கொண்டேன். குக்கரில் நான்கு விசில், கடுகு, கறிவேப்பிலை, கொஞ்சம் தேங்காய்த் துருவல், அவ்வளவுதான். ஒரு கிண்ணம் சூடான சுண்டலும் ஒரு தம்ளர் மோரும் உள்ளே போன பிறகு, என் தாளில் வட்டமிட்டிருந்த மாலை நேரப் பிஸ்கட், நான் முயலாமலே, இரண்டாம் வாரத்தில் உதிர்ந்துபோனது.

பழம் சாப்பிடலாமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். தாராளமாகச் சாப்பிடலாம். கொய்யா, பப்பாளி, ஆரஞ்சு, வாழைப்பழம் என்று ஊரில் விளைவதை முழுதாகக் கடித்துச் சாப்பிட வேண்டும். பழத்தைச் சாறாக்கி வடிகட்டிவிட்டால் நார் போய்ச் சர்க்கரை மட்டும் மிஞ்சும். சாப்பாட்டுக்குப் பின் இனிப்புக் கேட்கும் நாவுக்கு நன்றாகப் பழுத்த கொய்யாவின் நான்கு துண்டு பல நாள் ஈடுகொடுக்கும்.

நான்காம் படி: தம்ளரில் இருக்கும் சீனி

இப்போதுதான் குறைக்கத் தொடங்குகிறோம், அதுவும் குடிக்கும் பானத்திலிருந்து. மென்று தின்னும் இனிப்பாவது வயிற்றை ஓரளவு நிரப்பும். குடிக்கும் இனிப்பு அதையும் செய்வதில்லை.

தேநீரிலும் காப்பியிலும் சீனியை ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். இரண்டு கரண்டி போடுபவர் முதல் வாரம் ஒன்றே முக்கால், அடுத்த வாரம் ஒன்றரை என்று வாரத்துக்குக் கால் கரண்டி குறைத்தால் நாக்குக்கு மாற்றம் பெரிதாகத் தெரியாது. ஒன்றரை மாதத்தில் அரைக் கரண்டிக்கு வந்துவிடலாம். அதோடு ஐந்து தம்ளரை மூன்றாக்குங்கள். சாப்பிட்ட கையோடு தேநீர் குடித்தால் உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஈர்ப்பது குறையும் என்பதால், சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் இடையில் ஒரு மணி நேரமாவது விடுவது நல்லது. அரசு மருத்துவமனையில் பிரசவத்துக்குப் பிந்தைய 180 நாள்களுக்குக் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையையும் தேநீரோடு விழுங்கக் கூடாது.

தாய்மார்களுக்கென்று டப்பாவில் விற்கும் ஊட்டச்சத்துப் பொடிகளை வாங்கும் முன் பின்பக்க அட்டையைப் படியுங்கள். சேர்க்கப்பட்ட சர்க்கரை எவ்வளவு என்று அட்டவணையிலேயே போட்டிருப்பார்கள். சேர்மானப் பட்டியலில் எடை அதிகமான பொருள் முதலில் வரும் என்பது விதி. முதல் மூன்று இடத்துக்குள் சர்க்கரை, குளுக்கோஸ் சிரப், மால்டோடெக்ஸ்ட்ரின் போன்ற பெயர்கள் இருந்தால் அதை அன்றாடம் குடிக்கும் பானமாகக் கொள்ள வேண்டாம். அங்கன்வாடியில் தரும் சத்துமாவு நல்ல உணவு, அதை வீணாக்காதீர்கள். ஆனால் அதில் ஏற்கெனவே வெல்லம் கலந்திருப்பதால், கஞ்சி காய்ச்சும்போதும் கொழுக்கட்டை பிடிக்கும்போதும் மேலும் இனிப்புச் சேர்க்க வேண்டியதில்லை.

சீனிக்குப் பதிலாகச் செயற்கை இனிப்பு மாத்திரை போடலாமா என்றால், எடையைக் கட்டுப்படுத்துவதற்காக அவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்று 2023-இல் உலகச் சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது. நாவின் இனிப்புப் பழக்கத்தையே இறக்கிக்கொள்வதுதான் நமது நோக்கம் என்பதால், நானும் அதைத் தொடவில்லை.

ஐந்தாம் படி: பத்தியச் சாப்பாட்டில் உள்ள இனிப்பு

இதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பிள்ளை பெற்றவளுக்கு நம் வீடுகளில் அன்பு காட்டும் வழி பெரும்பாலும் இனிப்பாகவே இருக்கிறது. சுக்கும் திப்பிலியும் ஓமமும் வெல்லத்தில் கிளறி நெய் ஊற்றிய பிரசவ லேகியம், கருப்பட்டியும் நல்லெண்ணெயும் மிதக்கும் உளுந்தங்களி, பூண்டும் பனங்கற்கண்டும் போட்ட பால், எள்ளுருண்டை என்று தாய்வீட்டில் இருக்கும் நாள்களில் வேளைக்கொன்றாக வரும். இவற்றைச் செய்து தருகிறவர்கள் மூட்டுவலியோடு அடுப்படியில் நின்று கிளறித் தருகிறார்கள். அந்த அன்பை மறுத்துப் பேச யாருக்கும் மனம் வராது. மறுக்க வேண்டியதும் இல்லை.

தெரிந்துகொள்ள வேண்டிய உண்மைகள் இரண்டு. வெல்லமும் கருப்பட்டியும் சீனியைவிடச் சிறிதளவு தாதுச்சத்துக் கூடுதலாக உள்ளவைதான், ஆனாலும் அவற்றின் எடையில் மிகப்பெரும் பகுதி சர்க்கரையே. கலோரியிலும் சீனிக்கு அவை அதிகம் பின்தங்கியவை அல்ல. கருப்பட்டி உடம்புக்கு நல்லது என்ற எண்ணத்தில் நான் இரவில் தின்ற மூன்று துண்டுகள், எடைக்கணக்கில் மூன்று துண்டு மிட்டாய்க்குச் சமம். இன்னொன்று, இனிப்புச் சாப்பிட்டால் பால் ஊறும் என்பதும் பால் தித்திக்கும் என்பதும் சரியல்ல. தாய்ப்பாலின் இனிப்புக்குக் காரணமான லாக்டோஸை மார்பகமே தயாரிக்கிறது. 100 மில்லி பாலில் அது 7 கிராம் அளவில், தாய் என்ன சாப்பிட்டாலும் பெரிதாக மாறாமல் இருக்கும். பால் எவ்வளவு சுரக்கும் என்பதை முதன்மையாகத் தீர்மானிப்பது குழந்தை எத்தனை முறை, எவ்வளவு நன்றாகக் குடித்து மார்பைக் காலிசெய்கிறது என்பதுதான்.

ஆகவே பத்திய உணவை விடாமல் அதில் உள்ள இனிப்பைக் குறைப்பது நடைமுறைக்கு ஒத்த வழி. என் மாமியாரிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: “அத்தை, களியை நிறுத்த வேண்டாம். கருப்பட்டியை மட்டும் பாதியாகப் போட்டுக் கொடுங்கள், உளுந்தைக் கொஞ்சம் கூடப் போடுங்கள்.” உளுந்து கூடினால் களி நன்றாகத் திரளும் என்பதால் அவரும் மறுக்கவில்லை. லேகியத்தை மருந்துபோல நெல்லிக்காய் அளவு உருண்டையாக ஒருவேளை மட்டும் எடுத்தேன். சுறாப்புட்டு, கருவாட்டுக் குழம்பு, பூண்டுக் குழம்பு, மிளகு ரசம் என்று இனிப்பே இல்லாத பத்திய உணவுகள் நம்மிடம் ஏராளம். அவற்றைக் கூடுதலாகக் கேட்டு வாங்கிச் சாப்பிடும்போது, சமைப்பவர் மனமும் நிறைகிறது, புரதமும் சேர்கிறது. ‘இதெல்லாம் எடை போடும், எனக்கு வேண்டாம்’ என்று தட்டை நகர்த்துவதைவிட, ‘எனக்குச் சுறாப்புட்டு செய்து தருகிறீர்களா?’ என்று கேட்பது எத்தனையோ மடங்கு எளிது.

ஆறாம் படி: இரவு நேரம்

இரவுப் பாலூட்டலுக்கு உட்காரும் இடத்தில் கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு சொம்புத் தண்ணீரும் ஒரு சிறிய டப்பாவும் வைத்துக்கொள்ளுங்கள். டப்பாவில் ஒரு கைப்பிடி பொட்டுக்கடலையோ வறுத்த வேர்க்கடலையோ மட்டும் இருக்கட்டும். பால் கொடுக்கத் தொடங்கும்போது முதலில் தண்ணீர். அதன் பிறகும் பசித்தால் கடலை. அடுக்களைக்கு நடக்க நேர்ந்தால்தான் தூக்கின் மூடி திறக்கும். உட்கார்ந்த இடத்திலேயே பசி தீர்ந்தால் எழுந்து போகும் எண்ணமே வராது. இத்தோடு, இரவுச் சாப்பாட்டை ஏழு மணிக்கே முடித்துவிடுகிறவர்கள், படுக்கும் முன் இனிப்பில்லாத ஒரு தம்ளர் பால் குடிப்பது நல்லது. ஏழு மணியிலிருந்து காலை வரை வெறும் வயிற்றோடு மூன்று முறை பாலூட்டும் உடல், இரண்டரை மணிக்குக் கருப்பட்டி கேட்பதில் குற்றமே இல்லை.

இதே காரணத்துக்காக, பதினாறு மணி நேரம் சாப்பிடாமல் இருக்கும் முறைகளையும் அரிசி, கோதுமையை அறவே ஒதுக்கும் முறைகளையும் பாலூட்டும் மாதங்களில் கைக்கொள்ள வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. மற்றவர்களுக்கு அவை பயன் தரலாம். நமக்கு அவை ஆசையைப் பெருக்கிவிட்டுப் போய்விடும்.

ஏழாம் படி: ஆசை வந்தே தீரும் நாளில்

மேலே சொன்ன அனைத்தும் நடந்தாலும் சில நாள் மைசூர்பாகுதான் வேண்டும் என்று மனம் அடம்பிடிக்கும். பெயர்சூட்டு விழா, காதுகுத்து, தீபாவளி எல்லாம் அந்த ஓராண்டுக்குள்தானே வருகின்றன. அப்போது செய்ய வேண்டியது: முதலில் தண்ணீர் குடியுங்கள். கடைசியாகச் சாப்பிட்டு மூன்று மணி நேரம் ஆகியிருந்தால், இனிப்புக்கு முன் சாப்பாட்டை முடியுங்கள். அதற்குப் பிறகும் வேண்டும் என்றால் ஒரு துண்டை எடுத்துத் தட்டில் வைத்து, டப்பாவை மூடி உள்ளே வைத்துவிட்டு, உட்கார்ந்து, மெதுவாகச் சாப்பிடுங்கள். நின்றுகொண்டு டப்பாவிலிருந்தே எடுப்பதுதான் கணக்கில்லாமல் போகக் காரணம். அறவே கூடாது என்று ஒதுக்கிய பொருளின் மேல் நினைப்பு இரட்டிப்பாகிறது. வாரத்தில் இரண்டு நாள், சாப்பாட்டுக்குப் பின் ஒரு துண்டு என்று இடம் கொடுத்துவிட்டால் மனம் காத்திருக்கப் பழகும்.

பார்க்க வருகிறவர்கள் கொண்டுவரும் இனிப்பை அன்றைக்கே பங்கிட்டுக் கொடுத்துவிடுங்கள். வீட்டு வேலைக்கு வருபவர், எதிர்வீட்டுப் பிள்ளைகள், கணவரின் அலுவலகம் என்று யாருக்காவது போகட்டும். நெருங்கிய உறவினர்களிடம், வரும்போது பழம் வாங்கி வாருங்கள் என்று உரிமையோடு சொல்லலாம். யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

தூக்கம், நடை, மனநிலை

கைக்குழந்தை உள்ள வீட்டில் எட்டு மணி நேரம் தொடர்ந்து தூங்குங்கள் என்று எழுதுவது பொறுப்பற்ற செயல். ஆனால் ஒன்று கேட்கலாம்: இரவிலோ விடியற்காலையிலோ ஒரே மூச்சில் நான்கு மணி நேரம் தூங்க வழிசெய்யச் சொல்லி வீட்டில் உள்ளவர்களிடம் கேளுங்கள். குழந்தைக்குப் பால் கொடுத்ததும் ஏப்பம் விடவைத்துத் தூங்கவைக்கும் வேலையைக் கணவர் எடுத்துக்கொண்டாலே அரை மணி நேரம் மிச்சமாகும். நன்றாகத் தூங்கிய இரவுக்கு மறுநாள் உங்கள் குறிப்புத் தாளைப் பாருங்கள், இனிப்பின் எண்ணிக்கை குறைந்திருப்பது உங்களுக்கே தெரியும்.

மருத்துவர் அனுமதித்த பிறகு மாலையில் குழந்தையைத் தூக்கிக்கொண்டோ வீட்டில் விட்டுவிட்டோ இருபது நிமிடம் நடங்கள். படிப்படியாக வாரத்துக்கு 150 நிமிடங்களை எட்டினால் போதுமானது. ஆசை கிளம்பும் அந்த வட்டமிட்ட நேரத்திலேயே நடைக்குக் கிளம்புவது எனக்கு மிகவும் உதவியது.

சில அறிகுறிகளை இனிப்பு ஆசை என்று தள்ளிவிடக் கூடாது. சாப்பிட்டும் தீராத சோர்வு, மூச்சு வாங்குதல், வெளிறிய கண்ணிமை ஆகியவை இரத்தசோகையாக இருக்கலாம். படபடப்பு, திடீர் எடை மாற்றம், கொத்துக் கொத்தாய் முடி உதிர்தல் ஆகியவற்றோடு சோர்வும் இருந்தால் தைராய்டு பரிசோதனை தேவை. பிரசவத்துக்குப் பிந்தைய ஓராண்டுக்குள் தைராய்டு கோளாறு தலைகாட்டுவது உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் காரணமில்லாத அழுகை, எதிலும் பிடிப்பின்மை, குழந்தையிடம் ஒட்டாத மனம், அல்லது உயிரை விட்டுவிடலாமா என்ற எண்ணம் இருந்தால் அது பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு. அதற்குச் சிகிச்சை உண்டு. தாமதிக்காமல் மருத்துவரிடம் போங்கள், அல்லது டெலிமானஸ் உதவி எண்ணான 14416-ஐ எந்நேரமும் இலவசமாக அழைத்துத் தமிழிலேயே பேசுங்கள். இனிப்பில் ஆறுதல் தேடும் பெண்களில் சிலருக்கு உண்மையில் தேவைப்படுவது இந்த உதவிதான் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

எடையை எப்படிப் பார்ப்பது

வாரத்துக்கு ஒருமுறை, ஒரே கிழமையில், காலையில் வெறும் வயிற்றில் பாருங்கள். தினமும் ஏறி நின்றால் உடலில் நீர் ஏறி இறங்குவதைக் கொழுப்பு என்று எண்ணிக் கலங்க நேரும். நாளொன்றுக்கு 50 கிராம் சர்க்கரையைக் குறைத்தால் 200 கலோரி மிச்சமாகும்; மற்றவை மாறாமல் இருந்தால் மாதத்துக்கு முக்கால் கிலோ அளவுக்கு அது கணக்காகும். நடையும் சேரும்போது இன்னும் கொஞ்சம் கூடலாம். வாரத்துக்கு அரைக் கிலோவுக்கு மேல் தொடர்ந்து குறைந்தால் சாப்பாட்டைக் கூட்டுங்கள்.

எடைக்கருவியைவிடக் குழந்தையைக் கவனமாகப் பாருங்கள். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை ஒரு நாளில் ஆறு முறையாவது சிறுநீர் கழிக்க வேண்டும், தடுப்பூசிக்குப் போகும்போதெல்லாம் எடை ஏறியிருக்க வேண்டும். இந்த இரண்டில் எது குறைந்தாலும் எடைக் குறைப்பை அங்கேயே நிறுத்திவிட்டு, வழக்கமான அளவுக்குச் சாப்பிடத் தொடங்கி, குழந்தையோடு மருத்துவரைப் போய்ப் பாருங்கள்.